திறப்புக் கொடுத்தாற் போதுமா?

சென்ற வாரம் புறநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. போரிலே வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் நட்டு, அவன் பெயரும் பீடும் பொறித்து வழிபட்ட செய்தியை விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "இறந்தவனுக்குக் கல் நட்டார்கள், ஐயா, இறவாமல் திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல வினா என்று மட்டும் சொல்லி அவனை அமரச் செய்தோம்.

இக்காலத்திலே இவ்வினாவோடு நெடுநாள் மல்லாடி வந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாடு தன் வீரரை முற்றாக மறந்தது என்று எவரும் கூற முடியாது. 1865ஆம் ஆண்டிலேயே அங்கவீனமுற்ற வீரருக்கு இல்லம் அமைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்டார். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்டோருக்குக் கல்வியும் வீட்டுக் கடன் வசதியும் அளிக்க 1944இல் மற்றொரு சட்டம் பிறந்தது. இவ்வளவும் இருந்தும், 2010 ஜனவரியில் ஓர் இரவிலே எடுத்த கணக்கின்படி, ஏறக்குறைய 74,000 முன்னாட் படைவீரர் தெருக்களிலும் தற்காலிக விடுதிகளிலும் உறங்கினர்.

இதற்குக் காரணம் வறுமை ஒன்றே அன்று. வாடகையோ ஏறிக்கொண்டே போகின்றது. போர்க்களத்தில் உடலிற் பட்ட புண் ஆறினாலும் மனத்திற் பட்ட புண் ஆறுவதில்லை. அதை மறக்கச் சிலர் மதுவை நாடுகின்றனர்; குடும்பம் பிரிகின்றது; தொழில் போகின்றது; ஈற்றில் வீடும் போகின்றது.

இத்தகையோரை நோக்கி உலகம் வழக்கமாகச் சொல்வது யாது? "முதலிலே குடியை விடு, மருந்தை ஒழுங்காக உட்கொள், அதன் பின்னர் வீடு தருவோம்" என்பதே. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகின்றது. ஆனால் தெருவிலே படுப்பவன் மருந்தை எங்கே வைப்பான்? விலாசம் இல்லாதவன் வேலைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பான்? 1992ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். வீட்டை முதலிற் கொடுப்போம், மற்றவற்றைப் பின்னர் பார்ப்போம் என்றார். அமெரிக்கப் படைவீரர் நலத் திணைக்களமும் 2012இல் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டது.

அதே 1992இல் இன்னொரு முயற்சியும் தொடங்கியது. வீடமைப்புத் திணைக்களம் வாடகை உதவிச் சீட்டு வழங்குவது. படைவீரர் நலத் திணைக்களம் ஒவ்வொருவருக்கும் ஒரு சமூக சேவை உத்தியோகத்தரை நியமிப்பது. இரண்டும் ஒருங்கே செல்லும் இத்திட்டம் 2008இலிருந்து பெரிதாக விரிந்தது. வீரன் தன் வருமானத்தில் பொதுவாக நூற்றுக்கு 30 பங்கு அளவில் வாடகைக்குக் கொடுப்பான். விதித்த எல்லைவரை எஞ்சியதைச் சீட்டு ஈடுசெய்யும்.

அந்த உத்தியோகத்தர் செய்யும் பணியைச் சற்று நோக்குவோம். தெருவிலோ விடுதியிலோ இருப்பவனைத் தேடிச் சென்று பேசுகின்றார். படையிலிருந்து விலகிய பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றை மீண்டும் பெற்றுக் கொடுக்கின்றார். தயங்கும் வீட்டுக்காரரிடம் சென்று, "இவருக்கு நாம் பின்னிற்கின்றோம்" என்று எடுத்துரைக்கின்றார். குடிபுகுந்த பின்னும் அவர் பணி முடிவதில்லை. வீட்டுக்குச் சென்று பார்க்கின்றார். மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா, வைத்தியரிடம் போகும் நாள் நினைவிருக்கின்றதா என்று கேட்கின்றார். அயலாரோடு சச்சரவு மூண்டால், வீட்டுக்காரர் வழக்குக்குப் போகுமுன் இவரை அழைக்கின்றார்.

இவ்வாறு துணை நின்றதால் பயன் விளைந்ததா என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். வீடற்ற முன்னாட் படைவீரர் 460 பேரை மூன்று பிரிவாக்கி, மூன்றாண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. சீட்டும் உத்தியோகத்தரின் துணையும் பெற்றோர், துணை மட்டும் பெற்றோரிலும் நூற்றுக்கு 16 பங்கு அதிகமான நாட்கள் வீட்டில் வாழ்ந்தனர். வழக்கமான உதவி மட்டும் பெற்றோரிலும் நூற்றுக்கு 25 பங்கு அதிகமான நாட்கள் வாழ்ந்தனர். வாடகைப் பணம் இன்றி ஆறுதல் மொழி மட்டும் போதாது என்பதை இஃது உணர்த்துகின்றது. பணம் மட்டும் இருந்தாலும் போதாது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே சீட்டுகள் கையிருந்தும், உத்தியோகத்தர் பற்றாமையாலும் ஏற்ற வீடு கிடையாமையாலும், அவை ஆயிரக்கணக்கிற் பயன்படாது கிடந்த காலமும் உண்டு.

வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. காயத்துக்காக அரசு கொடுக்கும் உதவிப் பணத்தையும் வருமானமாகக் கணக்கிட்டனர். அதனால் மிகுந்த காயமுற்றவனே "வருமானம் கூடியவன்" என்று சில குடியிருப்புகளில் இடம் பெறாது திரும்பினான். இவ்விதியை வீடமைப்புத் திணைக்களம் 2024 ஓகஸ்ட் மாதத்திலேதான் திருத்தியது. சட்டம் எழுதுவோர் மனிதனின் முகத்தைப் பாராது எண்ணை மட்டும் பார்த்தால் வரும் விளைவு இதுவே.

குறைகள் இருந்தும் முயற்சி வீண்போகவில்லை. 74,000 என்றிருந்த அத்தொகை 2024 ஜனவரிக் கணக்கில் 32,882 ஆகக் குறைந்தது. பாதிக்கு மேற் குறைந்தது பெரிய காரியமே. எனினும், எஞ்சிய 32,882 பேரும் பனிக்காலத்து ஓர் இரவிலே தமக்கென ஒரு கதவு இல்லாது கிடந்த மனிதர் என்பதை மறக்கலாகாது.

நம்மூர்க் கமக்காரன் புகையிலைக் கன்றை நட்டுவிட்டு, "என் வேலை முடிந்தது" என்று வீட்டிலே படுத்திருப்பதில்லை. வேர் கொள்ளுமட்டும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகின்றான். வெயிலுக்கு மறைப்புக் கட்டுகின்றான். பெயர்த்து நட்ட மனிதனும் அவ்வாறே. அவன் கையிலே திறப்பைக் கொடுப்பது ஒரு நாட் காரியம். அவன் அவ்வீட்டிலே வேர்கொள்வது பல மாதக் காரியம்.

மாணவச் செல்வங்களே, உங்களிற் பலர் நாளை உத்தியோகம் பார்ப்பீர்கள். உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு கடதாசிக்குப் பின்னும் ஒரு மனிதன் நிற்கின்றான். ஒப்பமிட்டு அனுப்பிய பின், அவன் எவ்வாறிருக்கின்றான் என்று ஒரு முறையேனும் சென்று பாருங்கள். பின்வாங்கு மாணவனுக்கு நாளைக் காலை நாம் கூறவிருக்கும் விடையும் இதுவே: மீண்டு வந்தவனுக்குக் கல் வேண்டியதில்லை, தம்பி. கதவு வேண்டும், அந்தக் கதவை அடிக்கடி வந்து தட்டும் ஒருவரும் வேண்டும்.