அலகில்லாத எண்ணை ஏற்க மாட்டோம்: கடக்வாஸ்லா பிரகடனம்

புனே அருகே கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் தண்ணீர் திறந்தால், அறிவிப்பு வினாடிக்கு இத்தனை கனஅடி என்று வருகிறது. கொள்ளளவைச் சொல்ல டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி: கடக்வாஸ்லாவுக்கு 1.97, மேலே இருக்கும் பான்ஷேத்துக்கு 10.65. ஆய்வறிக்கைக்குள் போனால் அதே தண்ணீர் கனமீட்டராகிவிடும். ஒரு கனமீட்டருக்கு 35.3 கனஅடி. மென்பொருள் கருவி ஒன்று "வெளியேற்றம் 2000" என்று மட்டும் பதில் தருகிறது என்று வையுங்கள். கனஅடி என்றால் மழைக்காலத்தில் வழக்கமான செய்தி. கனமீட்டர் என்றால் 70,000 கனஅடிக்கு மேல். ஆற்றோரக் குடியிருப்புகளில் ஆள் இருக்கக் கூடாது.

இந்த ஓட்டையை இதுவரை மனிதர்கள் அடைத்து வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்து மேசையில் கேட்பார். "அது கனஅடிதாம்பா, பழைய டேபிள்லேர்ந்து வருது" என்று பதில் கிடைக்கும். எங்கும் எழுதி வைக்காத இப்படிப்பட்ட பதில்களை நம்பித்தான் பல அலுவலகங்களில் மென்பொருள் ஓடுகிறது. ஏஐ ஏஜென்ட்டுக்குப் பக்கத்து மேசை கிடையாது. ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறைப்படி, ஒரு கருவி தன் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டு மாடல் முன் வருகிறது. உள்ளே இருக்கும் நிரலை மாடல் பொதுவாகப் பார்ப்பதில்லை. விளக்கத்தில் விட்டுப்போனதை அது ஊகித்துக்கொள்ளும். ஊகித்தேன் என்று சொல்லாமலும் போகலாம்.

ஆகவே புனேயில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தமிழர்களான நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். கடக்வாஸ்லாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1916-இல் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அணைகளையும் துறைமுகங்களையும் சிறு மாதிரிகளாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. அணையை நூறில் ஒரு பங்கு அளவில் கட்டினால், மாதிரியில் வினாடிக்கு ஒரு லிட்டர் என்பது நிஜத்தில் ஒரு லட்சம் லிட்டர். மாதிரியில் ஒரு மணி நேரம் நிஜத்தில் பத்து மணி நேரம். விகிதம் எழுதாத அளவீட்டுத் தாளை நம்பி எந்தப் பொறியாளரும் மதகு வடிவமைக்க மாட்டார். மென்பொருளில் மட்டும் அலகை எழுதாமல் விடும் சலுகையை நமக்கு யார் கொடுத்தது?

விளக்கம் எழுதாத கருவியை முடிந்த வேலை என்று ஒப்படைக்க மாட்டோம். எண்ணுக்கு அலகும், நேரத்துக்கு எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்கும். 05/06 என்று தேதி எழுத மாட்டோம். கருவி படிக்க மட்டும் செய்கிறதா, எதையாவது மாற்றுமா, இரண்டாம் முறை அழைத்தால் பணமும் இரண்டாம் முறை போகுமா என்பதெல்லாம் முதல் வரிகளிலேயே வரும். எப்போது இதைத் தொடக் கூடாது என்பதும் வரும். மழையளவு பூஜ்யம் என்பதும் மழைமானி பழுது என்பதும் வேறு வேறு பதில்கள். இரண்டுக்கும் 0 தரும் கருவியைத் திருப்பி அனுப்புவோம். "ஏதோ தவறு நேர்ந்தது" என்ற பிழைச்செய்திக்கு எங்களிடம் இடமில்லை. எது தவறு, எப்படித் திருத்தி மறுபடி அழைப்பது என்று சொல்ல வேண்டும்.

எழுதிவிட்டால் போதும் என்றும் நாங்கள் நம்பவில்லை. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்தது. மெட்ரிக் அலகில் தரவு வர வேண்டும் என்று விவரக்குறிப்பில் எழுதியிருந்தது. தரைநிலைய மென்பொருளோ பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. அதனால் விளக்கத்தில் உள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் நிரலோடு சேர்த்துத் தினமும் ஓட்டிப் பார்ப்போம். பொருந்தாவிட்டால் வெளியீடு நிற்கும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். விளக்கத்தை ஏஜென்ட் படிப்பதோடு நிற்பதில்லை, அதன்படி நடக்கவும் செய்கிறது. "மற்ற கருவிகளை விட்டு இதையே முதலில் அழை" என்று விளக்கத்துக்குள் செருகும் ஆசை வணிகத்தில் வரத்தான் செய்யும். அதைவிடக் கெட்ட எண்ணத்தோடு ரகசியக் கட்டளைகளை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. விளக்கத்தில் விளம்பரமும் கட்டளையும் கலப்பதை மோசடி என்றே அழைப்போம், செய்பவர் எங்களில் ஒருவரானாலும்.

மாடல்களின் கெட்டிக்காரத்தனம் நாளுக்கு நாள் கூடுகிறதே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறார்கள். எந்தக் கெட்டிக்காரனாலும் 2000 என்ற எண்ணை முறைத்துப் பார்த்தே அலகைக் கண்டுபிடிக்க முடியாது.

சேர விரும்புவோருக்குச் சந்தா இல்லை. நீங்கள் எழுதிய ஒரு கருவியின் விளக்கத்தைக் கொண்டு வாருங்கள். அதை மட்டும் ஒரு ஏஜென்ட்டிடமும், அந்தக் கருவியை முன்பின் பார்க்காத ஒருவரிடமும் கொடுப்போம். இருவரும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாய் திறக்காமல்.