மின்பேருந்தில் இட ஒதுக்கீட்டுக்கு இடமுண்டா?

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. புகையற்ற பேருந்தை நாம் வரவேற்கிறோம். ஆலைப்புகையும் வாகனப்புகையும் சூழ்ந்த வடசென்னையில் அதன் பயனை முதலில் உணர்வோர் உழைக்கும் மக்களே. ஆனால், அப்பேருந்தின் ஓட்டுநர் எந்த விதியின்கீழ் பணியமர்த்தப்படுகிறார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, போக்குவரத்துக் கழகங்களுக்கான டீசல் மானியத்துக்கு 1,857 கோடி ரூபாயும் மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி ரூபாயும் ஒதுக்கியது. இவற்றை வீண்செலவு என்போருடன் நாம் உடன்படவில்லை. இப்பணம் பொதுத்துறைக் கழகங்களைத் தாங்குகிறது. அவற்றின் பணி நியமனங்களில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. நிலமற்ற எத்தனையோ குடும்பங்களுக்கு ஓட்டுநர், நடத்துநர் பணியே முதல் மாதச் சம்பளமாக அமைந்தது.

மின்பேருந்துகளோ மொத்தச் செலவு ஒப்பந்த முறையில் இயங்குகின்றன. வண்டியும் பராமரிப்பும் ஓட்டுநரும் தனியார் பொறுப்பு. நடத்துநர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கழகம் பணம் செலுத்துகிறது. பணம் பொதுப்பணமே, ஆயினும் ஓட்டுநர் பணி அரசுப் பணியன்று என்பதால் இட ஒதுக்கீட்டுச் சட்டம் அங்கே செல்லாது. எந்த அரசாணையும் இட ஒதுக்கீட்டை நீக்கவில்லை. ஒப்பந்தத்தின் வடிவமே அதை வெளியேற்றிவிட்டது.

ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டமும் 14,028 மின்பேருந்துகளுக்கு 4,391 கோடி ரூபாய் ஒதுக்கி, 40 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது பெருநகரங்களையே முதன்மையாகக் கணக்கில் கொள்கிறது. ஊர் நிறுத்தத்தோடு பேருந்து திரும்பிவிட, சேரிவரை நடக்கும் மாணவிக்கு அதில் பங்கில்லை.

கழகங்கள் நட்டத்தில் இருப்பதால் தனியார் முதலீடு தேவை என்பர். முதலீடு வரட்டும். வண்டியின் தரத்துக்கும் நேரந்தவறாமைக்கும் நிபந்தனை விதிக்கும் ஒப்பந்தத்தில், ஓட்டுநர் நியமனத்தில் இட ஒதுக்கீடு என்ற நிபந்தனையையும் சேர்க்க என்ன தடை? மாநில அரசு தன் கொள்முதல் விதிகளிலேயே இதைச் செய்யலாம்.

மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரு கேள்விகளை எழுப்பலாம்: மின்பேருந்து ஓட்டுநர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறும் விதி ஒப்பந்தத்தில் உண்டா? கணக்கே இல்லை என்று பதில் வந்தால், நம் கோரிக்கைக்கு அதுவே முதல் ஆவணம்.