எதை எண்ணுவது, எதை மறைப்பது

சமூக ஆய்வாளர் எண்களைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அரசியல் அவருக்கு எதற்கு என்று அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணை எடுப்பது என்பதிலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது. எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக முழுமையாக வெளியானது 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். சுதந்திர இந்தியா 1951 முதல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் தனியே எண்ணியது. சாதியை எண்ணினால் சாதி வளரும் என்பது வாதம். எண்ணாமல் விட்டதால் அது தேய்ந்துவிடவும் இல்லை. 1980-ல் அறிக்கை தந்த மண்டல் குழு, பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்று மதிப்பிட அரை நூற்றாண்டுப் பழைய கணக்கைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. நடுநிலை என்ற பெயரில் எடுத்த அந்த முடிவால் யாருக்கு வசதி என்று கேட்காமல் இருக்க முடியுமா?

வீட்டுவேலையின் கதையும் இதுதான். பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள் விடாமல் வலியுறுத்திய பிறகே, 1998-99-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு சோதனையாக நடந்தது. நாடு முழுவதற்குமான ஆய்வு வர 2019 ஆயிற்று. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அது காட்டியது. கேள்வி ஓர் இயக்கத்திலிருந்து வந்தது என்பதற்காக அந்த நிமிடங்கள் பொய்யாகிவிடுமா? மதிப்பீடு கலக்காத ஆய்வு வேண்டும் என்று வாதாடிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபரே, எதை ஆராய்வது என்ற தேர்வில் ஆய்வாளரின் மதிப்பீடுகள் இருக்கும் என்று ஒப்புக்கொண்டவர்.

அப்படியானால் ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு புள்ளிவிவரம் என்று ஆகிவிடாதா? நியாயமான அச்சம்தான். கேள்வியில் சாய்வு இருக்கலாம். எதிர்பாராத விடை வந்தால் அதையும் வெளியிட்டே தீர வேண்டும். வறுமையை அளக்கப் பயன்படும் நுகர்வுச் செலவு ஆய்வையே பாருங்கள். 2009-10 ஆய்வு வறட்சி ஆண்டில் நடந்தது, முடிவு அன்றைய அரசுக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் அதை வெளியிட்டு, 2011-12-ல் மறுபடி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2017-18 ஆய்விலோ நபர்வாரிச் செலவு குறைந்ததாகப் பத்திரிகையில் செய்தி கசிந்ததும், தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு அதைக் கைவிட்டது. தரம் குறைவு என்றால் தரவை வெளியிட்டுக் குறையைச் சுட்டிக்காட்டியிருக்கலாமே. சரிபார்க்க அறிஞர்களுக்கா பஞ்சம்? அடுத்த ஆய்வு 2022-23-ல், மாற்றிய முறையில் நடந்தது. பழைய கணக்கோடு அதை நேராக ஒப்பிட முடியாததால், இடைப்பட்ட பத்தாண்டில் வறுமை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.