யானை வாங்கலாம், அங்குசம் யார் வாங்குவது?

"ஸ்விஃப்ட் விலைக்கு எக்ஸ்யூவி!" யூட்யூபைத் திறந்தால் இப்படி ஒரு வீடியோ வந்து நிற்கும். கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர், வரிசையாக நிற்கும் செகண்ட் ஹேண்ட் வண்டிகளின் பானெட்டைத் தட்டித் தட்டிப் பேசுவார். "டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர். ஏழு பேர் தாராளமா போகலாம். அஞ்சரை லட்சம்தான், நேர்ல வாங்க, பேசிக்கலாம்." (விற்பனைக்கு நிற்கும் 'டாக்டர் வண்டி'களை எண்ணிப் பார்த்தால், நம்மூர் டாக்டர்கள் வைத்தியத்தை விட்டுவிட்டு கார் வாங்கி விற்றுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.)

அவர் சொல்வதில் பொய்யே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியும் நல்ல வண்டி, மீட்டரும் நிஜம், ஓனரும் டாக்டரேதான். அப்போதும் அவர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார். விலை குறைந்தது வண்டிக்குத்தான். அதை வைத்திருக்கும் செலவு ஒரு பைசா குறையவில்லை.

மஹிந்திரா எக்ஸ்யூவி 500 வந்தது 2011 செப்டம்பரில். ஆரம்ப விலை ஷோரூமில் 10.8 லட்சம். புக்கிங் தாங்காமல் நிறுத்தி, பிறகு குலுக்கல் போட்டு வண்டி ஒதுக்கிய காலமெல்லாம் உண்டு. 2.2 லிட்டர் டீசல் எஞ்சின், 140 குதிரைத்திறன், நாலரை மீட்டருக்கும் மேல் நீளம், ஏழு சீட். 2021-இல் எக்ஸ்யூவி 700 வந்ததோடு அதன் கதை முடிந்தது. இன்று பழைய வண்டிச் சந்தையில் நடுத்தரக் குடும்பத்தின் கனவு அதுதான். வண்டியின் மேல் இங்கே எந்தப் புகாரும் இல்லை. புகாரெல்லாம் அதை வாங்கும்போது போடாமல் விட்ட கணக்கின் மேல்தான்.

பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு லட்சம் சொத்து வருடா வருடம் தேய்ந்து ஐந்து லட்சம் ஆகும். சரி, நோட்டில் ஆகும். அந்த நோட்டை டயர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்வார்? அந்த வண்டிக்கு 17 இஞ்ச் சக்கரம். நான்கு டயர் மாற்றினால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். ஸ்விஃப்டுக்கு அதில் பாதிதான். வண்டி பழசு என்பதற்காக டயர் கம்பெனி தள்ளுபடி தராது. கிளட்ச், சஸ்பென்ஷன், இஞ்செக்டர், டர்போ எல்லாமே இதே கதைதான். பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு எந்த விலையோ அதே விலைதான் ஐந்தரை லட்சம் கொடுத்தவருக்கும். ஒரே வித்தியாசம், முதல் ஓனர் இருந்த ஐந்தாறு வருடத்தில் இவை பழுதாகவில்லை. இரண்டாவது ஓனர் கையில்தான் ஒவ்வொன்றாக முறை வைத்து வரும்.

இன்சூரன்ஸிலும் இப்படித்தான். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் 7,897 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416. இந்தக் கட்டணத்துக்கு எஞ்சின் அளவுதான் தெரியும், வயசு தெரியாது. பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸாவது கூட வருமா என்றால், அதுவும் வராது. அது வண்டிக்குச் சேர்ந்ததில்லை, ஆளுக்குச் சேர்ந்தது. அவர் அதைத் தன் புது வண்டிக்குக் கொண்டுபோய்விடுவார்.

டீசலுக்கு வரலாம். "டீசல் வண்டி, செலவு கம்மி" என்று அப்பாக்கள் இன்னும் சொல்கிறார்கள். 2011-இல் அது உண்மை. அப்போது சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2024-இல் அந்த வித்தியாசம் பத்து ரூபாய்க்கும் கீழே. ஊருக்குள் பெரிய டீசல் வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தால் அதிகம். மாதம் 1000 கிலோமீட்டர் என்றால் சுமார் 90 லிட்டர், லிட்டர் 92 என்று போட்டால் எட்டாயிரத்துக்கும் மேல். இதோடு மாதத் தவணை. பழைய காருக்கு வங்கி தரும் கடனுக்கு வட்டி புதுக் காரைவிட அதிகம், திருப்பிக் கட்டும் காலமோ குறைவு.

2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய கார் வியாபாரிகளுக்கான வரியை 18 சதவீதம் ஆக்கியபோது எவ்வளவு கூச்சல்! அந்த வரி வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான், முழு விலைக்கு இல்லை. பெரிய டீசல் வண்டிகளுக்கு 2018-லிருந்தே 18 சதவீதம்தான். டயர் விலைக்காக யாரும் கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை.

ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் மூன்று லட்சம், கடன் இரண்டரை லட்சம். வண்டி வந்த முதல் வாரம் எலுமிச்சம்பழம், தேங்காய். இரண்டாவது வாரம் பழனி. பெரியம்மா, சித்தப்பா, பிள்ளைகள் எல்லாரும் ஏறி, நாலுவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்போது அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷம் பொய்யில்லை. அதை யாரும் கேலி செய்யவும் கூடாது. ஆறாவது மாதம் ஏசி குளிராது. பத்தாவது மாதம் கிளட்ச். மெக்கானிக் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுப்பார். "இப்போதைக்கு ஓடற மாதிரி செஞ்சு குடுப்பா" என்பார் இவர். அந்த ஒரு வார்த்தையில்தான் வண்டியின் ஆயுள் குறைய ஆரம்பிக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் டயருக்குப் பதில் ரீட்ரெட் போட்ட டயர். ஒரிஜினல் பிரேக் பேடுக்குப் பதில் ஏதோ ஒன்று. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நூறில் போகும் இரண்டு டன் வண்டி, எந்த பிரேக்கில் நிற்கும்? பாதுகாப்புக்காகத்தானே பெரிய வண்டி வாங்கியது?

காகிதத்தில் இருக்கும் ஆபத்து இதைவிட மோசம். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன் பின் அங்கிருந்து அடிமாட்டு விலையில் கிளம்பிய வண்டிகள் நம்மூர் வரைக்கும் வருகின்றன. வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். என்.ஓ.சி., லைஃப் டாக்ஸ் என்று கூட்டினால் 'மலிவு' எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

விற்கிறவரும் தப்பிக்க முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு, பேர் மாற்றத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கு அது. ஆர்.சி. புக்கில் யார் பெயரோ அவரே ஓனர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்பது தீர்ப்பு. வருடக் கணக்காக வண்டியைக் கண்ணால் பார்க்காதவர் கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

மீட்டரைத் திருப்பி வைப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிரிட்டனில் மூன்று வருடம் ஆன காருக்கு வருடா வருடம் பரிசோதனை. அப்போது எத்தனை மைல் ஓடியது என்பதைப் பதிந்து வைக்கிறார்கள். நம்பரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே சொந்த உபயோகக் காருக்கு முதல் பதினைந்து வருடம் எஃப்.சி. கிடையாது. எந்த நம்பரில் எந்த வண்டி என்று கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் சேர்க்க என்ன கஷ்டம்? அது வரும்வரை வாங்குகிறவர் சர்வீஸ் பில்லையும் பழைய இன்சூரன்ஸ் பேப்பரையும் கேட்டு வாங்கிப் பார்க்கத்தான் வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், வண்டியைப் பாருங்க" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வாங்கவே கூடாது என்று இல்லை. வீட்டில் நிஜமாகவே ஏழு பேர் இருக்கிறார்கள், மாதத்தில் நாலு தடவை நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறது, வாங்கிய விலை போக ஒன்றரை லட்சம் தனியாக ஒதுக்கி வைக்க முடிகிறது என்றால் பழைய எஸ்யூவி அருமையான வண்டி. அப்படி வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வருடத்தில் முந்நூறு நாள் ஒருத்தர் ஆபீஸ் போய்வர, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க என்று வாங்குகிறவர்கள்தானே அதிகம்? 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. அதே பணத்துக்கு வாரண்டியோடு புது வண்டியே கிடைக்கும்போது, அதை ஷோரூம் பக்கம் போய் விசாரிக்கக்கூடத் தோன்றுவதில்லை.

நம்ம குடும்பத் தலைவரின் வண்டி இப்போது கவர் போட்டு வாசலில் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிட்டது. போன வாரம் பையன் விளம்பரம் போட்டிருக்கிறான்: "ஃபேமிலி யூஸ். அதிகம் ஓடாத வண்டி. பெரிய வண்டி வாங்குவதால் விற்கிறோம்."