நொண்டிக்கொண்டு வேலைக்குப் போகலாமா?



செப்ரெம்பர் மாதம் பிறந்தால் பள்ளிக்கூடங்களில் ரெரி பொக்ஸ் ஓட்டம் பற்றிய பேச்சுத்தான். பிள்ளைகள் கடிதம் கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் பொது ஓட்டத்திற்குப் பெற்றோரும் போவதுண்டு. நல்ல காரியம். ஆனால் வருடம் முழுவதும் மெசினுக்கு முன்னால் நின்றுவிட்டு, ஒரே நாளில் 5 கிலோமீற்றர் ஓடினால் முழங்கால் சும்மா விடுமா? திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். யாரும் கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறோம். வேலை போய்விடுமோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

ஊரில் நாங்கள் மண்ணிலும் புல்லிலும் ஓடினோம். இங்கே எல்லாம் தாரும் சீமெந்தும். பழக்கமில்லாத கால் தாங்காது. ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது முழங்கால் சிரட்டையைச் சுற்றிய நோ. படி இறங்கும்போதும் குந்தி எழும்பும்போதும் கூடும். அடுத்தது முன்னங்கால் எலும்பின் உட்பக்க நோ. இரண்டுமே பெரும்பாலும் திடீரென்று கூட ஓடுவதால் வருபவை. ஓட்டத்தைக் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அநேகமாக மாறிவிடும். முற்றாகப் படுத்துக் கிடக்கத் தேவையில்லை. ஓடத் தொடங்குகிறவர்கள் முதலில் நடந்து, இடையிடையே ஓடி, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தேய்ந்த சப்பாத்தை மாற்றுங்கள்.

சுளுக்கி வீங்கினால் எங்கள் ஆட்கள் உடனே நோவெண்ணெயைச் சூடாக்கி உருவி விடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அது வேண்டாம். சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 10 அல்லது 15 நிமிடம் வைத்தால் நோ குறையும். பிறகு தாங்கக்கூடிய அளவில் மெல்ல மெல்ல அசையுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது? ஒட்டாவா வைத்தியர்கள் 1990களில் இதற்கென்றே ஒரு விதி வகுத்தார்கள். முழங்காலில் அடிபட்டவர் 55 வயதோ அதற்கு மேலோ என்றால், அல்லது அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால், அல்லது முழங்காலை 90 பாகைக்கு மடக்க முடியாவிட்டால், அல்லது சிரட்டையிலோ முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முனையிலோ தொட்டால் நொந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை நாங்களும் நினைவில் வைத்திருக்கலாம்.

ரெரி பொக்ஸின் கதையிலும் ஒரு முழங்கால் நோ இருக்கிறது. 1976 இன் இறுதியில் வலது முழங்காலில் நோ வந்தது. கூடைப்பந்தாட்டக் காலம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் அது எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980 இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். 1981 இல், 22 வயதில் இறந்தார்.

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அந்த நோய் மிக அரிது. ஆனால் வாரக்கணக்கில் மாறாத நோ, இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, காரணமில்லாத வீக்கம் இருந்தால் காட்டத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு என்றால் "வளருகிற வயது" என்று விட்டுவிடாதீர்கள்.

வைத்தியரைப் பார்க்கச் சுகாதார அட்டை போதும். அகதி வழக்கு முடியாதவர்களுக்குச் சமஷ்டி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. 811 க்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தாதியோடு பேசலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். வைத்தியரிடம் போனால் எட்டு மணித்தியாலம் சீமெந்துத் தரையில் நிற்கும் வேலை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இருந்து செய்யும் இலகு வேலை தரும்படி கடிதம் கேளுங்கள். ஒரு கிழமை இருந்து வேலை செய்வதில் வெட்கம் இல்லை. குடும்பம் முழுவதும் நிற்பது இந்தக் கால்களில்தான்.