கீழே போகும் சுவரை அழிக்காதீங்கோ

ஊரில் நான் படவரைஞர். தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் கிழமையே வாத்தியார் சொல்லித் தந்தது: கண்ணுக்குத் தெரியாத விளிம்பு என்றாலும் விடாதே, முறிகோட்டால் காட்டு. சுவிஸுக்கு வந்து கனகாலம் கோப்பை கழுவினதில் கீறுகிற கை மறந்துபோச்சு என்றுதான் நினைத்திருந்தேன். வேலையிடத்தில் கூட நின்ற சுவிஸ்காரர் ஒருவர் குகைக்குள் போகிறவர். நான் படம் கீறினவன் என்று கேள்விப்பட்டதும் விடவில்லை, தங்கட குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினொரு வருஷமாக அவர்களுடைய வரைபடங்களைக் கொம்பியூட்டரில் கீறுகிறேன். குகைக்குள் இறங்கினது இரண்டே தரம். எனக்குப் பங்கர் இருட்டு போதும்.

தீரியன் என்று ஒரு மென்பொருள். ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த மார்ட்டின் புடாய், ஸ்டாஹோ முட்ராக் என்ற இரண்டு குகைக்காரர் செய்தது, இலவசம். அதில் குகையைத் துண்டுதுண்டாகக் கீறவேணும். ஒரு துண்டுக்கு 'ஸ்கிராப்' என்று பெயர். ஒரு ஸ்கிராப் தன்மேல் தானே படியக்கூடாது. ஆகவே ஒரு பாதைக்குக் கீழே இன்னொரு பாதை போனால் இரண்டையும் வேறு வேறாகக் கீறவேணும். பிறகு மேலே உள்ளது கீழே உள்ளதின் மேல் வந்து படுக்கும். சிக்கல் அங்கேதான்.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒரு இளம் பெடியன், நல்ல கெட்டிக்காரன், படத்தைத் 'துப்பரவு' செய்தான். ஊடுதெரியும் அமைப்பை நிற்பாட்டினான். கீழ்ப்பாதையின் எஞ்சிய சுவர்க்கோடுகளுக்கு 'இன்விசிபிள்' என்ற வகையைக் கொடுத்தான். அந்த வகையில் கோடு எல்லையாகக் கணக்கில் இருக்கும், தாளில் மட்டும் வராது. படம் கலியாணக் கார்ட் மாதிரி வடிவாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், அதையும் சொல்லவேணும்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளோடு நாலு பேர் மேற்பாதையால் போனார்கள். அங்கே தரை என்பது இறுகி நிற்கும் கல்லுகள்தான். ஒருவரின் கால் பட்டு ஒரு கல் இடுக்கால் இறங்கி விட்டது. கீழே மூன்று பேர் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டி நசிந்தது, அவ்வளவுதான். கீழே ஆக்கள் போகிற பாதை இருக்கென்று மேலே நின்ற எவருக்கும் தெரியாது. தாளில் அது வெள்ளை.

பெடியனிடம் கேட்டேன். "அண்ணை, எல்லாக் கோட்டையும் விட்டால் இடியப்பம் மாதிரித்தானே வரும்?" என்றான். (தமிழ்ப் பெடியன்தான்; இங்கே பிறந்தவன்.) அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஷ்வீட்ஸ் மாநிலத்து ஹொல்லொக் குகை 200 கிலோமீற்றருக்கு மேல், தட்டுத்தட்டாகப் போகிறது. அதை ஒரே தாளில் முழுக்கோட்டோடு அடித்தால் எலிவாலும் தெரியாது.

அதற்காக அழிக்கிறதா? தீரியனிலேயே சுவருக்கு 'அண்டர்லையிங்' என்று தனி வகை உண்டு, கீழே போகிறதென்று காட்ட. தட்டுத்தட்டாக வேறு தாளில் அடித்தாலும், கீழ்த்தட்டின் வெளிக்கோட்டை மட்டும் அடியில் மெல்லிசாக வைக்க 'பிரிவியூ' என்ற கட்டளை இருக்கு. தரையின் கல்லு, மண், தண்ணீர் எல்லாம் மறையட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சுவர் மறையக்கூடாது. ஒன்று கவனம்: அளக்காமல் ஊகித்த சுவருக்கு 'பிரிசியூம்ட்' என்று வேறு வகை. இரண்டையும் கலந்தால், உண்மையில் இருக்கிற பாதையை ஆக்கள் 'இருக்கலாம்' என்று வாசிப்பார்கள். அது இன்னும் மோசம்.

சுத்தமான படத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைச் சுவரில் மாட்டட்டும். உள்ளே கொண்டுபோகிற தாள் வேறு. மீட்புக்குப் போகிறவனும் அதே தாளைத்தான் விரிப்பான். ஆள் விழுந்த இடுக்குக்கு நேர்கீழே நடந்துபோக ஒரு வழி இருக்கென்று தெரியாமல், சுற்றிவர அரைநாள் எடுப்பான்.

போன ஞாயிறு இருவரும் இருந்து அந்த இன்விசிபிள் கோடுகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். எண்பத்திமூன்று கோடு. பின்னேரம் நாலு மணிக்குத்தான் முடிந்தது. பெடியன் இடைக்கிடை முணுமுணுத்தான்; நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.