நிமிர்ந்து நில் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

விடுதியில் என் பக்கத்து அறையில் இருக்கும் தம்பி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒருநாள் இரவு வந்து கைப்பேசியை நீட்டினான். "அண்ணா, இந்த வீடியோவைப் பாருங்க. காசு கட்டலாமான்னு சொல்லுங்க."

காதல் அனுபவமே இல்லாத ஆண்களுக்கான பயிற்சி வகுப்பு அது. இலவசப் பகுதியில் ஐந்து அறிவுரைகள் இருந்தன. நன்றாக உடுத்து. நிமிர்ந்து நில். கண்ணைப் பார்த்துப் பேசு. தயங்காமல் நீயே முதலில் போய்ப் பேசு. மறுத்தால் விட்டுவிடாதே. மீதியைக் காசு கட்டியவர்களுக்குச் சொல்வார்களாம். பார்த்து முடித்ததும் தம்பி கேட்டான்: "எனக்கு என்னண்ணா குறை?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. முப்பத்திரண்டு வயதாகும் எனக்கும் அது புதிய கேள்வி அல்ல.

முதல் அறிவுரையையே எடுத்துக்கொள்வோம். நன்றாக உடுத்த வேண்டுமாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனியையும் அதையொட்டிய சேரிகளையும் எரித்தார்கள். அந்த நாட்களில் மேடைக்கு மேடை ஒலித்த குற்றச்சாட்டு என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்பதுதான். 'நாடகக் காதல்' என்ற சொல்லை அந்தக் காலத்தில்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒருவன் போட்டால் தன்னம்பிக்கை, இன்னொருவன் போட்டால் சதி. சட்டை என்னவோ ஒன்றுதான்.

அடுத்தது, தயங்காமல் போய்ப் பேசு என்பது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் தன்னோடு படித்த தோழியிடம் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று சங்கரை உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மக்கள் நடமாடும் இடத்தில் வெட்டிக் கொன்றார்கள். 2025 ஜூலையில் நெல்லையில் கவின். பட்டியல் நீளமானது. இந்தப் பட்டியலைத் தெரிந்தோ தெரியாமலோ உடம்பில் சுமந்துகொண்டு வளர்கிற ஒரு பையனின் தயக்கத்துக்கு 'கூச்ச சுபாவம்' என்று பெயர் வைத்து, அதைப் போக்கக் கட்டணமும் கேட்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளங்கலை படித்தபோது ஒரு தோழியோடு நூலகத்திலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்து போவேன். ஒருநாள் அவர் கேட்டார்: "உங்க வீடு ஊர்ல எங்க இருக்கு?" "பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்றேன். பொய் இல்லை. காலனிக்குப் போகும் பாதை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அவர் வெள்ளந்தியாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் மறுநாளிலிருந்து நான் வேறு வழியாக நடந்தேன். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள், எனக்குப் பெண்களோடு பேச வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் அதை நம்பினேன்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடியை அகமணத்தில் கண்டார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமானால், துணையின்றி எஞ்சும் ஆணையும் பெண்ணையும் என்ன செய்வது என்ற சிக்கல் எழும். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம் அதற்குக் கண்டுபிடித்த வழிகள் என்று அவர் விளக்கினார். யார் யாரோடு பழகலாம் என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒருநாள்கூட நிற்க முடியாது. பள்ளியில் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்லூரியில் எதிர்ப்பாலரோடு பேசினால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். பேருந்தில்கூடத் தனித்தனி வரிசை. இதை ஒழுக்கம் என்கிறார்கள். கேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே இருப்பவனைப் பார்த்து உனக்கு நடக்கத் தெரியவில்லையே என்று சிரிக்கிற வேலை இது.

ஆதிக்கச் சாதி இளைஞனுக்கும் இதே பூட்டுதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அவன் கதவு வேறு பக்கம் திறக்கும். அனுபவமின்மை அவனுக்கு 'நல்ல பையன்' சான்றிதழ். தரகரும் மேட்ரிமோனி தளமும் சொந்தக்காரர்களும் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடுதான். மீதி அத்தனை பேரும் ஈர்க்கும் கலையைக் கற்றுத்தான் குடும்பம் நடத்துகிறார்களா என்ன?

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் தோழர்கள் கைதட்டுவார்கள். ஆனால் நம் பக்கமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

சாதி நம்மைத் தனிமைப்படுத்தியது உண்மை. அதற்காக எந்தப் பெண்ணும் நமக்குக் கடன்படவில்லை. மறுப்பு வந்ததும் "அவளுக்குச் சாதிப் புத்தி" என்று முடிவு கட்டுகிற தோழர்களைப் பார்த்திருக்கிறேன். சில நேரம் அது உண்மையாக இருக்கும். பல நேரம் அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆதிக்கச் சாதிப் பெண்ணின் சம்மதத்தை வெற்றிக் கோப்பையாகப் பார்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. பெண்ணைச் சாதியின் சொத்து என்று நினைப்பவனுக்கும், அந்தச் சொத்தைக் கைப்பற்றியதாக நினைப்பவனுக்கும் என்ன வேறுபாடு? இந்த முழுப் பேச்சிலும் தலித் பெண்ணின் தனிமை யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? அவளைத் தேடிவந்து காதல் சொல்லிவிட்டு, கல்யாணம் என்றதும் "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று நழுவியவர்களில் முற்போக்காளர்கள் இல்லையா?

அந்தப் பயிற்சியாளர்கள் விற்பது ஆண்மையை. மறுத்தால் விட்டுவிடாதே என்பது அதன் சாரம். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில், பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பு வைத்தார். அழிய வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கவா நாம் இயக்கத்துக்கு வந்தோம்?

தம்பியிடம் நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நிபுணனாகச் சொல்லவில்லை. என் காதல் அனுபவம் என்பது அந்தப் பேருந்து நிறுத்தம்வரை நடந்ததுதான்.

காசு கட்டாதே. உன்னிடம் குறை இல்லை, ஆனால் பழக்கம் இல்லை. பழக்கம் வகுப்பில் வராது. உன் துறையில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு படிப்பைப் பற்றிப் பேசு, வாதம் செய், அவர்கள் சொல்வது சரியென்றால் ஒத்துக்கொள். எதையும் எதிர்பார்த்துப் பேசாதே. பிடித்திருந்தால் ஒருமுறை தெளிவாகச் சொல். இல்லை என்றால் அது பதில்தான், பேரத்தின் தொடக்கம் அல்ல. ஊர்ல எங்க என்று கேட்டால் காலனி என்று சொல். அதைக் கேட்டு விலகுகிறவர் சீக்கிரமே விலகியது நல்லது.

ஆம் என்று பதில் வந்தால், அந்த நாளிலிருந்து ஆபத்தை இருவரும் சேர்ந்து பேசுங்கள். அவளுக்கும் உயிர்தான். யார் வீட்டில் என்ன நடக்கும், கையில் எவ்வளவு பணம், எந்த நண்பர் கதவைத் திறப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 1954இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். தேடி வருகிறவர்களுக்கு அது முகவரிச் சீட்டு. 1967இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் என்ன வழி தருகிறது என்று வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தோழர்களே, கதவைத் திறக்கும் அந்த நண்பராக இருப்பது நம் வேலை. காதலர் தினத்தன்று சாதி ஒழிக என்று பதிவு போடுவது எளிது. நள்ளிரவில் பையோடு வந்து நிற்கும் இருவருக்கு ஒரு அறை தருவது கடினம். ஆணவக் கொலைக்கென்று தனிச் சட்டம் கேட்போம். அதுவரை நம் வீட்டுச் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

தம்பி காசு கட்டவில்லை. எழுந்து போகும்போது, "நீங்க ஏண்ணா அப்புறம் அந்த வழியா நடக்கவே இல்ல?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.